துப்பாக்கி கை மாறினால்...

அமெரிக்காவில் கத்தரிக்காய் வாங்குவது போலத் துப்பாக்கி வாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. முழுப் பொய்யும் அல்ல!

அங்கே 50 மாநிலங்கள். நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் உண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தனிச் சட்டம் போடுகிறது.

வாஷிங்டன் மாநிலத்தைப் பார்ப்போம். இது ஜனாதிபதி வசிக்கும் வாஷிங்டன் நகரம் அல்ல. பசிபிக் கடலோரத்தில் இருக்கும் மாநிலம். சியாட்டில் நகரம் இங்கேதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இங்கே குடும்பத்தோடு இருக்கிறார்கள்.

கடைக்கு ஒரு சட்டம்

1981-ல் ஜனாதிபதி ரீகனை ஒருவன் சுட்டான். ரீகன் பிழைத்தார். அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடியின் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் பெயரால் 1993-ல் "பிராடி சட்டம்" வந்தது.

லைசென்சு பெற்ற கடைக்காரர், துப்பாக்கி விற்கும் முன் வாங்குகிறவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க வேண்டும். பெரிய குற்றத்தில் தண்டனை அடைந்தவரா? மனைவியை அடித்த வழக்கு உண்டா? கோர்ட்டுத் தடை உண்டா? இதற்காக 1998 முதல் கம்ப்யூட்டர் பதிவேடு இருக்கிறது.

ஆனால் இது கடைக்காரருக்குத்தான். ஒருவர் தன் பழைய ரைபிளைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றால்? வாசலில் நின்றே பணத்தை வாங்கிக்கொண்டு, துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். யாரும் எதுவும் விசாரிக்க வேண்டியது இல்லை!

கடையில் "உனக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவன் எங்கே போவான்? இந்த வாசலுக்குத்தான் வருவான்.

மக்கள் போட்ட சட்டம்

2014 நவம்பரில் வாஷிங்டன் மாநில மக்கள் ஓட்டுப் போட்டு இந்த வழியை அடைத்தார்கள். 100-க்கு 59 பேர் ஆதரித்தார்கள்.

அதன்படி, தனி ஆள் விற்றாலும் கடைக்காரர் மூலம்தான் விற்க வேண்டும். விசாரணையில் "சரி" என்று பதில் வந்த பிறகே துப்பாக்கி கை மாறலாம். சும்மா கொடுத்தாலும், இரவல் கொடுத்தாலும் இதே விதிதான். பணம் வாங்கினால்தான் சட்டம் வரும் என்று நினைத்துவிடக் கூடாது.

சொந்தக்காரருக்குச் சலுகை உண்டு. தகப்பன் மகனுக்குக் கொடுக்கலாம். பாட்டன் பேரனுக்குக் கொடுக்கலாம். சித்தப்பா, மாமா, அத்தை, மாமனார், மைத்துனர் எல்லாரும் பட்டியலில் இருக்கிறார்கள். (சட்டம் எழுதியவர்கள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து எழுதினார்களோ, என்னவோ!) ஆனால் அது பரிசாகவோ, இரவலாகவோ இருக்க வேண்டும். மைத்துனரிடம் 10 டாலர் வாங்கினாலும் அது விற்பனை. கடைக்குப் போயாக வேண்டும்.

தகப்பனார் இறந்து, அவருடைய கைத்துப்பாக்கி மகனுக்கு வந்தால்? 60 நாட்களுக்குள் அதை முறைப்படி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அல்லது லைசென்சு இலாகாவுக்குத் தகவல் தர வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பயங்கரம்

ஓட்டெடுப்புக்கு 11 நாட்களுக்கு முன்பு, அதே மாநிலத்தில் மேரிஸ்வில் என்ற ஊரில், 15 வயது மாணவன் ஒருவன் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் தன் தோழர்களைச் சுட்டான். 4 பேர் செத்தார்கள். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தான்.

துப்பாக்கி அவனுடைய தகப்பனுடையது. கடையில் வாங்கியது. கடைக்காரர் விசாரித்தார். "சரி" என்றே பதில் வந்தது!

அந்தத் தகப்பன் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாதவர். ஒரு பெண்ணைக் காப்பாற்றப் பழங்குடிக் கோர்ட்டு அவர் மீது உத்தரவு போட்டிருந்தது. அந்த உத்தரவைப் பதிவேட்டில் ஏற்றவே இல்லை. பதிவேட்டில் எழுதாததைக் கடைக்காரர் எப்படிப் படிப்பார்? 2015-ல் தகப்பன் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. பிள்ளைகள் போனவர்கள் போனவர்கள்தான்.

மேலும் கட்டுப்பாடு

2018-ல் மக்கள் மறுபடியும் ஓட்டுப் போட்டார்கள். தானாகத் தோட்டா ஏறும் ரைபிள் வாங்க 21 வயது ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. 2024 ஜனவரி 1 முதல் எந்தத் துப்பாக்கி வாங்கவும் பயிற்சிச் சான்று வேண்டும். பணம் கட்டிய உடனே கையில் கிடைக்காது. 10 வேலை நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆத்திரத்தில் கடைக்கு ஓடுகிறவனுக்கு இந்த 10 நாள் நல்ல மருந்து என்றுதான் தோன்றுகிறது.

2025-ல் இன்னொரு சட்டம் கையெழுத்தாயிற்று. 2027 மே 1 முதல், துப்பாக்கி வாங்கும் முன்பே அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்கிறது அது. கைரேகையும் கொடுக்க வேண்டும்.

"யோக்கியனை அலைய வைக்கிறீர்கள். திருடன் கடைக்கா வரப்போகிறான்?" என்று எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை என்று கோர்ட்டுக்கும் போகிறார்கள்.

நம் பிள்ளைகள் வாங்கலாமா?

எச்-1பி விசாவில் போனவர் துப்பாக்கி வாங்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. இது அமெரிக்கா முழுவதற்கும் உள்ள சட்டம். வேட்டை லைசென்சு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நிரந்தரமாக வசிக்க "கிரீன் கார்டு" பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை.

"நான் ஊருக்குப் போகிறேன். இதை ஒரு வாரம் உன் வீட்டில் வைத்திரு" என்று நண்பர் ஒரு துப்பாக்கியை நீட்டினால், விசாவில் இருக்கும் பிள்ளை அதைத் தொடாமல் இருப்பது நல்லது. வாங்கி அலமாரியில் வைத்தாலே குற்றம்.