கடிகாரத்தை எதிரில் வைத்து எழுதிய நாவலாசிரியர்

ஆவேசம் வந்தால்தான் நாவல் எழுத முடியும் என்றும், அது வரும்வரை எழுத்தாளன் காத்திருக்க வேண்டும் என்றும் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணம் தவறு என்பதைத் தம் ஆயுள் முழுவதும் காரியத்தினாலேயே காட்டியவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் 47 நாவல்களை எழுதிய ஆங்கில ஆசிரியர் அந்தோணி டிராலப்.

1834இல் லண்டன் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1867 வரை உத்தியோகம் பார்த்த அவருக்கு எழுத்துக்கென்று மிஞ்சியது பெரும்பாலும் விடியற்காலைதான். லண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸ் என்ற ஊரில் குடியிருந்த காலத்தில், காலை ஐந்தரை மணிக்கு மேஜைமுன் அமர்ந்துவிட வேண்டும் என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட நியமம். தம்மை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே ஒரு பழைய வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுன் அதிகமாகக் கொடுத்து வந்த டிராலப், தமக்குக் கிட்டிய வெற்றிக்கு அவரிடமே மற்றெவரையும்விட அதிகமாகக் கடன்பட்டிருப்பதாகச் சுயசரிதத்தில் நன்றியோடு குறிப்பிடுகிறார்.

முதல் அரைமணி நேரம், முந்தின நாள் எழுதியதைச் சொற்களின் ஓசை காதுக்கு இசைகிறதா என்று கவனித்தபடி படித்துப் பார்ப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். எட்டரை மணிக்குள் அன்றைய எழுத்து வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு தினக்குறிப்பு வைத்து, அன்றன்று எழுதிய பக்கங்களை அதில் பதிந்து வந்தார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கங்கள்; சில வாரம் 20ஆகக் குறைந்ததும் உண்டு, ஒரு வாரம் 112ஆக உயர்ந்ததும் உண்டு. உத்தியோக நிமித்தம் ரயிலில் போகும்போது மடியில் பலகையை வைத்துப் பென்சிலால் எழுதுவார்; அதை அவர் மனைவி ரோஸ் பிரதி எடுத்துக் கொடுப்பார்.

இவ்வளவு கண்டிப்பாகக் காலத்தைத் திட்டமிட்டவர், கதையை மட்டும் முன்கூட்டித் திட்டமிடவில்லை என்பதே எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. அவர் காலத்தவரான டிக்கன்ஸ், பிற்கால நாவல்களின் ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் தனித்தாளில் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார். வில்கி காலின்ஸோ கதையின் சிறு முடிச்சைக்கூட முன்னதாகவே தீர்மானித்தவர். டிராலப்போ கதை எப்படி முடியும் என்று அறியாமலே தொடங்கிவிடுவார். அவர் அறிந்திருந்தது மனிதர்களை. நாவலாசிரியன் உறங்கப் போகும்போதும் விழித்தெழும்போதும் பாத்திரங்கள் அவனோடிருக்க வேண்டும், அவர்களுடைய அன்பையும் துவேஷத்தையும் அவன் உள்ளும் புறமும் உணர்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். தாம் கற்பனையில் படைத்த பார்செட்ஷயர் என்ற ஜில்லாவின் பாதைகள், ரயில் தடங்கள், ஊர்கள், பாராளுமன்ற அங்கத்தினர்கள் உட்பட அனைத்தும் அவருக்கு மனப்பாடம். அதற்குப் படம்கூட வரைந்து வைத்திருந்தார். ஊரும் மாந்தரும் இவ்வளவு நிச்சயமாக இருக்கும்போது, அடுத்து நடக்கப்போவதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

அந்த ஜில்லாவின் நாவல்களில் அடிக்கடி தலைகாட்டுபவள், பிஷப்பின் மனைவியான அதிகாரப் பிரியை மிஸஸ் பிரௌடி. ஒருநாள் லண்டன் அதீனியம் கிளப்பில் பாதிரிமார் இருவர், இந்த ஆசிரியர் பழைய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார் என்று அவளைச் சாடிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட டிராலப், எழுந்து சென்று தாமே அந்தக் குற்றவாளி என்று சொல்லி, வாரம் முடியுமுன் அவளைத் தீர்த்துவிடுவதாக வாக்களித்தார். அப்படியே செய்தும் விட்டார். பின்னர் அவளை நினைத்து அவர் வருந்தியதுண்டு. எழுத்துக்கு முன்பே வகுத்த திட்டம் இருந்திருந்தால், கிளப்பில் காதில் விழுந்த பேச்சு ஒரு பாத்திரத்தின் ஆயுளை நிர்ணயித்திருக்க முடியாது.

1882இல் அவர் காலமானார். மறுவருஷம் சுயசரிதம் வெளிவந்து இந்தக் கணக்குகளெல்லாம் அம்பலமானதும், எழுத்தைச் செருப்புத் தைக்கும் தொழிலோடு ஒப்பிட்ட இவரும் ஒரு கலைஞரா என்று முகம் சுளித்தவர்கள் பலர். அவர் புகழும் சில காலம் மங்கியது. அந்தத் தீர்ப்பு அநியாயமானது. கடிகாரம் ஆண்டது அவர் கையை மாத்திரமே; பாத்திரங்களோடு அவர் வாழ்ந்த மற்ற நேரத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை. ஐயமுள்ளவர்கள், மிஸஸ் பிரௌடியின் மரணம் வருகின்ற ‘தி லாஸ்ட் கிரானிக்கிள் ஆஃப் பார்செட்’ நாவலைப் படித்துப் பார்க்கலாம். தம் நாவல்களில் சிறந்ததாக டிராலப் கருதியதும் அதுவே.