மூச்சை மெல்ல விடலாம்

அண்மையில் ஓர் இரவு, தேர்வுக்குப் படித்துக் கொண்டிருந்த என் மகள் ஒரு கணக்கில் ஐயம் கேட்டாள். அலுவலக வாட்ஸ்ஆப் குழுவுக்குப் பதில் எழுதிக் கொண்டிருந்த நான் எரிந்து விழுந்தேன். அவள் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் வழக்கமான பரிசோதனையில் எனது ரத்த அழுத்தம் 150/96. 'இரவில் தூங்குகிறீர்களா?' என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார்.

மன அழுத்தம் மனதில் மட்டும் நிகழ்வதன்று. ஆபத்தை உணர்ந்ததும் அட்ரீனலின் சுரந்து இதயம் விரைகிறது. கார்டிசால் ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுகிறது. எதிர்த்துப் போரிட அல்லது தப்பி ஓட உடல் செய்துகொள்ளும் இந்த ஆயத்தத்தை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார். புலியைக் கண்டு ஓடியவனுக்கு, ஓடி முடித்ததும் அது தணிந்துவிடும். கைப்பேசியின் ஒலியைக் கேட்டு நாம் எங்கே ஓடுவது?

இதயத் துடிப்பை நினைத்தவுடன் குறைக்க நம்மால் இயலாது. மூச்சின் வேகத்தைக் குறைக்க இயலும். மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு சற்றுக் கூடுகிறது. வெளிவிடுகையில் வேகஸ் நரம்பின் செயலால் குறைகிறது. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு. ஐந்து நிமிடங்கள் போதும். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே செய்கிறேன். அருகில் நிற்பவருக்குக் கூடத் தெரியாது.

மாலைக் காபியைக் கைவிடுவதுதான் கடினமாக இருந்தது. அருந்திய காஃபீனில் பாதி வெளியேறவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது என்று அறிந்த பிறகு மனமில்லாமல் விட்டேன். கைப்பேசி இப்போது கூடத்தில் உறங்குகிறது. படுக்கையருகே பழைய அலாரக் கடிகாரம்.

நள்ளிரவில் வேலை ஏவும் மேலதிகாரியை மூச்சுப் பயிற்சி திருத்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பணிநேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக் கொள்ளும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. நம் நாட்டிலும் அதைக் கேட்பதில் பிழையில்லை. தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் தயங்காமல் மருத்துவரை நாட வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

மகள் மீண்டும் கணக்குப் புத்தகத்துடன் வரத் தொடங்கியிருக்கிறாள். பல கணக்குகளுக்கு எனக்கு விடை தெரிவதில்லை. இருவருமாக உட்கார்ந்து பார்க்கிறோம்.