திருமலைக்கு மேலே என்ன பொழிகிறது? சிறு செய்மதிகளின் கதிர் எண்ணிகள்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே மாலை வேளைகளில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அண்மையில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், என்ர போனை விண்வெளிக்கு அனுப்பினால் வேலை செய்யுமா?"

செய்யும். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

விண்வெளியில் புரோத்தன்களும் இலத்திரன்களும் மிக வேகமாகப் பறந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று கணனிச் சில்லின் நினைவகத்தில் பாய்ந்தால் அங்கிருந்த 0, 1 ஆக மாறிவிடலாம். சில வேளை சில்லே கருகிப்போகும். பெரிய செய்மதிகளில் கதிர்வீச்சைத் தாங்கும் விலை கூடிய பாகங்களைப் பொருத்துவார்கள். ஒரு கிலோ எடையுள்ள சிறு செய்மதிக்கு அந்த வசதி இல்லை. கடையில் வாங்கும் சில்லுகள்தான். அதனால், தன் மீது எவ்வளவு பொழிகிறது என்பதை அளக்க அதற்கு ஒரு சிறிய கருவி தேவைப்படுகிறது.

பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் கைகர் எண்ணி வாயு நிரப்பிய குழாய். அதற்குச் சில நூறு வோல்ற்று வேண்டும். துணிக்கை வந்தது என்று சொல்லுமே தவிர, எத்தனை சக்தியோடு வந்தது என்று சொல்லாது. இன்று அந்த இடத்தைச் சிலிக்கன் பிடித்துவிட்டது. துணிக்கை சிலிக்கனை ஊடுருவும்போது வழியில் இலத்திரன்களை விடுவிக்கிறது. 3.6 இலத்திரன் வோல்ற்றுச் சக்திக்கு ஒரு சோடி ஏற்றம் என்பது கணக்கு. அந்தச் சிறு மின்துடிப்பைப் பெருக்கி அளந்தால், சிலிக்கனில் விடப்பட்ட சக்தி தெரிந்துவிடும். ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடத்தை மையமாகக் கொண்ட கூட்டுமுயற்சியில் உருவான டைம்பிக்ஸ் சில்லு, சுமார் 1.4 சென்ரிமீற்றர் சதுரத்தில் 65,536 புள்ளிகளைக் கொண்டது. துணிக்கை விட்டுச்சென்ற தடத்தையே அது படமாகத் தரும்.

சிக்கல்களும் உண்டு. ஒளி புகக்கூடாது. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே வெப்பநிலை மாறும்போது அளவீடு பிசகும். கதிரை அளக்கும் கருவியையே கதிர் மெல்ல மெல்லப் பழுதாக்கும்.

இதில் எங்கள் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. பூமியின் காந்த மத்தியகோடு எங்களுக்கு அருகால் செல்கிறது. கிட்டத்தட்ட எங்கள் அகலக்கோட்டிலேயே இருக்கும் கேரளத்தின் தும்பாவில், 1963 இல் இந்தியா தன் முதல் ரொக்கற்றை ஏவியதும் அந்தக் கோட்டுக்காகத்தான். இங்கே காந்தப்புலம் தரைக்குச் சமாந்தரமாகப் படுத்திருப்பதால், அண்டக்கதிர்கள் உள்ளே நுழைவது கடினம். சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி திருமலையைக் கடக்கும்போது எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும். அதே செய்மதி பிறேசிலையும் தென் அத்திலாந்திக்கையும் கடக்கும்போது எண்ணிக்கை சடாரென ஏறும். அங்கே காந்தப்புலம் பலவீனம். ஹபிள் தொலைநோக்கிகூட அப்பகுதியில் அவதானிப்பை நிறுத்திவைக்கிறது.

இதெல்லாம் பெரிய நாடுகளின் வேலை என்று நினைக்க வேண்டாம். 2014 இல் ஏவப்பட்ட ஒரு பிரித்தானியச் செய்மதியில், கன்ரபெரி நகரப் பாடசாலை மாணவர்கள் வடிவமைத்த, டைம்பிக்ஸ் சில்லுகள் கொண்ட லூசிட் கருவி பறந்தது. சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியாவின் சதீஷ் தவான் செய்மதி, விண்வெளிக் கதிர்வீச்சை ஆராயும் நோக்கத்தோடு 2021 பெப்ரவரி 28 அன்று ஏவப்பட்டது. இலங்கையின் முதல் ஆய்வுச் சிறு செய்மதி இராவணா-1, இரு இலங்கைப் பொறியியலாளர்களால் யப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவாக்கப்பட்டு, 2019 யூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. அதன் எடை 1.05 கிலோ.

எங்கள் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பலநாள் படகுகள் செய்மதியை நம்பித்தான் திசை பிடிக்கின்றன. அந்தச் செய்மதிகளைச் செய்வது மட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாததா?

மாணவனிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஓர் ஒளி இருவாயி, ஒரு பெருக்கி, ஒளி புகாத ஒரு தகரப்பெட்டி. முதலில் துறைமுகக் கரையில் எண்ண வேண்டும். பிறகு புல்மோட்டைக்குப் போக வேண்டும். அங்குள்ள கனிய மணலில் மொனசைற் உண்டு; அதில் தோரியம் உண்டு. இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் தெரிந்தால், பெட்டி வேலை செய்கிறது என்று பொருள்.

விண்வெளிக்கு அது போகாமல் விடலாம். ஆனால் அடுத்த முறை அவன் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்.