குப்பைக்குள் போன ஓடர்

கற்பிட்டியிலிருந்து கடலட்டையும் கருவாடும் அனுப்பும் நம்மவர்களுக்கு மின்னஞ்சலும் ஒரு கடைவாசல்தான். எனக்கு வந்த ஓடர் ஒன்று 'ஸ்பாம்' பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. நான் பார்த்தபோது அவர் வேறிடத்தில் சரக்கு எடுத்துவிட்டார். இன்னும் பிந்தியிருந்தால் கடிதமே இருந்திராது. ஸ்பாமில் விழுந்ததை ஜீமெயில் 30 நாட்களில் அழித்துவிடும்.

இதற்கு நாமே விதி எழுதி வைக்கலாம். கைத்தொலைபேசிச் செயலியில் முடியாது, கணனி வேண்டும். தேடும் கட்டத்தின் வலது ஓரத்திலுள்ள அடையாளத்தை அழுத்தி, 'ஃப்ரொம்' என்ற இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியை இடுங்கள். 'கிரியேட் ஃபில்டர்' கொடுத்து, 'நெவர் சென்ட் இட் டு ஸ்பாம்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். விளம்பரத் தொல்லைக்காரருக்கு 'டிலீட் இட்'. 'லொத்தர்' என்ற சொல் வரும் கடிதங்களையும் அப்படியே அழிக்கச் சொல்லலாம். 'பேமன்ட்' என்ற சொல்லுக்கு மட்டும் மறந்தும் சொல்லாதீர்கள், காசு வந்த செய்தியும் சேர்ந்து போய்விடும்! வெள்ளிக்கிழமை கடை பூட்டியிருக்கும் நேரத்தில் ஸ்பாம் பெட்டியை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

ஆனால் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வரும் கடிதத்தை விதியை நம்பி விட்டுவிட முடியாது. வாடிக்கையாளரின் முகவரியே களவு போயிருந்தால், நாம் எழுதிய விதியே கள்ளனுக்குக் கதவு திறந்துவிடும். அப்படி ஒன்று வந்தால், கடிதத்திலுள்ள இலக்கத்தை விட்டு, உங்களிடம் முன்பிருந்தே உள்ள இலக்கத்துக்குப் பேசிக் கேட்ட பிறகே காசு அனுப்புங்கள்.