கடலைக்கு வரி இல்லை, எண்ணெய்க்கு?

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால், உழவர் கூட்டம் முடிந்ததும் நாலு பேர் என்னைச் சுற்றி நின்றுகொள்வார்கள். கேட்பது இரண்டே கேள்விதான். "சார், விவசாயத்துக்குத்தான் வரி கிடையாதே, அப்புறம் இன்னாத்துக்குக் கணக்கு?" என்பது ஒன்று. "அறுபதுக்கு மேல நமக்கு யாரு பென்சன் தரப் போறா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது. அது கணக்கு நோட்டு.

முதலில் வரி. வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு சொல்கிறது. 2026 ஏப்ரல் முதல் அதற்குப் பதிலாக வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த விலக்கு உண்டு. ஆனால் எது வேளாண் வருமானம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

உழுது, விதைத்து, நட்டு எடுத்த விளைச்சல் வேளாண் வருமானம். அதைச் சந்தைக்குக் கொண்டுபோகும் அளவுக்கு அடித்து, தூற்றி, காயவைப்பதும் அதில் அடங்கும். நாற்றங்கால் வைத்துக் கன்று விற்பதும் அப்படியே. தானாக முளைத்த மரத்தை வெட்டி விற்றால் அது இதில் சேராது. உழுதல், நடுதல் போன்ற அடிப்படை வேலை நடந்திருக்க வேண்டும், களையெடுப்பதும் காவல் காப்பதும் மட்டும் போதாது என்று 1957இல் ராஜா பினோய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் நட்டு வளர்த்த சவுக்குக்குக் கவலை இல்லை.

பால், நாட்டுக்கோழி, ஆடு, தேன் ஆகியவற்றில் வரும் வருமானம் வேளாண் வருமானம் இல்லை. நம்மைப் போல ஒருங்கிணைந்த பண்ணை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடலை விற்ற பணமே ஆனாலும், அதற்கு வங்கி தரும் வட்டியும் வேளாண் வருமானம் ஆகாது.

அடுத்தது மதிப்புக்கூட்டல். திண்டிவனம், செஞ்சிப் பக்கம் இப்போது பலர் கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கிறார்கள். அங்கே வருமானம் இரண்டாகப் பிரியும். ஒரு கணக்கு பார்ப்போம். ஆட்டிய கடலையின் சந்தை மதிப்பு 60,000 ரூபாய். எண்ணெயும் புண்ணாக்கும் விற்று வந்தது 90,000. ஆட்டுக்கூலி, பாட்டில், வண்டி வாடகை 12,000. 60,000 ரூபாயில் சாகுபடிச் செலவு போக மிஞ்சுவது வேளாண் வருமானம், அதற்கு வரி இல்லை. 90,000 ரூபாயில் 60,000, 12,000 இரண்டும் போக மிஞ்சும் 18,000 தொழில் வருமானம். அந்த ஆண்டில் கடலை சராசரியாக என்ன விலைக்குப் போனது என்று காட்ட ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலையைக் குறித்து வையுங்கள். அது இல்லாவிட்டால் 60,000 என்று நாம் சொல்வதை யார் ஏற்பார்?

இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். புதிய வரி முறையில் 2025-26இல் 4 லட்சம் வரை வரி இல்லை. தொழில், சம்பளம், வட்டி போன்ற வருமானம் 12 லட்சம் வரை இருந்தாலும் தள்ளுபடி போக வரி வராது. ஆனால் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

சென்னையில் வேலை, ஊரில் நிலம் என்று இருக்கும் தம்பிகளுக்கு ஒரு செய்தி. 1973இல் வந்த ஏற்பாடு இது. வேளாண் வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை வரம்பைத் தாண்டினால், வரி விகிதம் பார்க்க மட்டும் இரண்டையும் கூட்டுவார்கள். சம்பளம் கழிவுகள் போக 14 லட்சம் என்றால் வரி 90,000. அவருக்கே நிலத்தில் 2 லட்சம் வந்தால் 16 லட்சத்துக்கு வரி 1,20,000 போட்டு, 6 லட்சத்துக்கு உரிய 10,000 கழித்து, 1,10,000 கட்டச் சொல்வார்கள். 4 சதவீதக் கூடுதல் வரி தனி. "விவசாய வருமானத்தைக் காட்டத் தேவையில்லை" என்று நினைப்பது இங்கேதான் மாட்டிவிடும்.

நான் பணியில் இருந்தபோது ஒரு பெரியவர் இரண்டு வருசக் கடலைப் பணம் 11 லட்சத்தை ரொக்கமாகச் சேமிப்புக் கணக்கில் போட்டார். ஓர் ஆண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால் வங்கி வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நேர்மையான பணம்தான். ஆனால் அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. களத்துமேட்டிலேயே வியாபாரிக்கு அளந்து கொடுத்திருந்தார். நிரூபிக்க அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. விற்றதற்குக் கையெழுத்திட்ட சீட்டு, சிட்டா, அடங்கல், சாகுபடிச் செலவு நோட்டு, இந்த நான்கும் ஒரு பையில் இருக்கட்டும்.

இனி ஓய்வுக்காலம். பிரதமரின் கிசான் மான்தன் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கியது. 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் வரை உள்ளவர்கள், வயது 18 முதல் 40க்குள் சேரலாம். வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை நாம் கட்டினால், அதே அளவு மத்திய அரசும் போடும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். அதன்பின் இறந்துபோனால் கணவன் அல்லது மனைவிக்குப் பாதி கிடைக்கும். பிஎம் கிசான் பணத்திலிருந்தே தவணையைப் பிடிக்கச் சொல்லலாம். வருமான வரி கட்டுபவர்கள் இதில் சேர முடியாது.

அடல் பென்சன் திட்டத்துக்கும் 18 முதல் 40தான் வயது. மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 18 வயதில் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேர்ந்தால் 1,454 ரூபாய். தாமதத்தின் விலை இவ்வளவு. வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் இதிலும் சேர முடியாது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அஞ்சலகப் பொது வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை போடலாம். 15 ஆண்டுத் திட்டம், வட்டிக்கு வரி இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 70 வயது வரை சேரலாம்.

பக்கத்து நிலத்துக்காரர் இதையெல்லாம் கேட்டபோது அவருக்கு வயது 43. "மூணு வருசம் முன்னாடி சொல்லக் கூடாதா சார்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. ஆனால் அவர் மகனுக்கு 25. நிலம் அவன் பெயருக்கும் பதிவாகியிருந்தது. மறுநாளே ஆதார், வங்கிப் புத்தகத்தோடு பொதுச் சேவை மையத்துக்கு அனுப்பினோம். மாதம் 80 ரூபாய். உங்கள் வீட்டில் நாற்பதை நெருங்குகிறவர் யார் என்று இன்று இரவே பாருங்கள்.