பிணித்தலும் விடுத்தலும்

ஆல்ப்ஸ் மலையின் பனிச்சரிவுகளில் சறுக்கி விளையாடுவோர் ஸ்கீ என்னும் நீண்ட பலகைகளைக் காலிற் பூண்பர். பூட்ஸைப் பலகையொடு பிணிக்குங் கருவி பைண்டிங் எனப்படும். பிணித்தலேயன்றி விடுத்தலும் அதன் தொழிலாம். வீழ்வோன் காலைப் பலகை முறுக்குங்கால், எலும்பு முறியுமுன் பூட்ஸ் கழன்றுவிடல் வேண்டும். நார்வேயிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த யால்மர் வாம் என்பார், 1937-இல் தங் கால் முறிந்து மருத்துவமனையிற் கிடந்தபொழுது, இங்ஙனம் விடுக்கும் பிணிப்பொன்றை எண்ணித் தெளிந்தனர்.

இனி, தமையனுடைய பலகைகளைச் சிறிய பூட்ஸ் அணியுந் தம்பி பெற்றான் எனக் கொள்வோம். அவன் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, பூட்ஸின் அடிப்புறத்தே மில்லிமீட்டரிற் பொறித்துள்ள அடிநீளத்தை நோக்கி, குதிகாற் பிடியை அதற்கேற்ப முன்னே நகர்த்தல். நகருந் தடம் இல்லாத பிணிப்பாயின், அதனைக் கழற்றி வேறிடத்தே துளையிட்டுப் பொருத்தல் வேண்டும். இரண்டாவது, பூட்ஸை மாட்டி, பிடி அதனை முன்னோக்கி அழுத்தும் அளவு கருவியிலுள்ள குறியொடு ஒத்துளதா எனக் காண்டல். மூன்றாவது, விடுக்கும் விசையின் எண்ணைப் புதிதாக வைத்தல்.

இம்மூன்றாவதனை மறத்தலே பெருங்கேடு. அவ்வெண் ஒருவனுடைய எடை, உயரம், வயது, சறுக்குந் திறம், பூட்ஸின் அடிநீளம் ஆகிய ஐந்தையும் பற்றியது. அடி குறுகின் நெம்புகோலுங் குறுகுமாதலின், அடிநீளம் மாறியவழி எண்ணும் மாறக்கூடும். எண் மிகின் பிணிப்பு நெகிழாது, கால் முறியும். குறையின் வேகத்தினிடையே கழன்று ஆளை வீழ்த்தும். பூட்ஸ் இறுகப் பொருந்தியது கண்டு அமையாது, தேர்ந்த தொழிலாளரிடங் காட்டி, கருவியால் அளந்து கொள்ளுதலே தக்கது என்பது யாம் கூறக் கருதியது.