'எலுசிடேட்' செய்க!

பரீட்சை முடிந்த மறுநாள், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வினாத்தாளும் கையுமாக என்னிடம் வந்தான். ஒரு கேள்வியின் இறுதியில் 'எலுசிடேட்' என்று ஒற்றைச் சொல்லில் கட்டளையிட்டிருந்தது. சுருக்கி எழுதச் சொல்கிறார்கள் என்றெண்ணி, அவன் நாலு வரியோடு நிறுத்திவிட்டான். விஷயமோ அவனுக்கு நன்றாகத் தெரியும். கேட்டபோது மளமளவென்று ஒப்பித்தான். "அதுவும் எக்ஸ்ப்ளெயினும் ஒன்றுதானப்பா" என்றேன். "அப்படியானால் எக்ஸ்ப்ளெயின் என்றே போட்டிருக்கலாமே, ஸார்?" என்றான். எனக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை. அன்றிரவு அகராதிகளைப் புரட்ட உட்கார்ந்தேன்.

லத்தீன் பாஷையில் 'லூக்ஸ்' என்றால் ஒளி. ஒளி பொருந்தியது 'லூகிடுஸ்'. இருட்டிலிருக்கும் ஒன்றை ஒளி பெறச் செய்வது 'ஏலூகிடாரே'. இதுவே பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் புகுந்து 'எலுசிடேட்' ஆயிற்று. இதன் சுற்றத்தார் பலர். லூஸி என்ற பெண் பெயர் இக்குலத்தைச் சேர்ந்ததே. சாத்தானுக்கு வழங்கும் 'லூஸிபர்' என்ற பெயருக்கும் 'ஒளியைத் தாங்கி வருபவன்' என்பதே பொருள். ஆதியில் அது விடிவெள்ளியின் பெயர். 1830-ஐ ஒட்டி இங்கிலாந்தில் தீக்குச்சிகளையும் 'லூஸிபர்' என்று பெயரிட்டு விற்றார்கள். சாத்தானுக்குப் பொருந்தாவிட்டாலும் தீக்குச்சிக்குப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது!

இனி ஒரு செய்தி, அந்தப் பையனுக்கு ஆறுதல் தரக்கூடியது. நமக்குக் கடினமாக இருக்கும் இத்தகைய சொற்கள் ஆங்கிலேயருக்கும் ஒரு காலத்தில் கடினமாகவே இருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பண்டிதர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் பதங்களைக் கூடை கூடையாக இறக்குமதி செய்தார்கள். இவற்றை 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று எள்ளி நகையாடியவர்களும் இருந்தார்கள். அவர்களில் குறிப்பிடத்தக்கவர் ஸர் ஜான் சீக். ஆங்கிலம் பிற பாஷைகளின் கலப்பின்றித் தூய்மையாக எழுதப்பட வேண்டும் என்று 1557-ல் ஒரு கடிதத்தில் வற்புறுத்தினார். மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்க்கையில், நூறு வீரர்களுக்குத் தலைவனைக் குறிக்கும் 'செஞ்சூரியன்' என்ற லத்தீன் வழிச் சொல்லை விலக்கி, 'ஹண்ட்ரடர்' என்று ஆக்கினார். இவ்வளவுக்கும் அவர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கிரேக்க பாஷைப் பேராசிரியர்! அவர் ஆக்கிய சொல் நிலைக்கவில்லை. செஞ்சூரியன் இன்றும் இருக்கிறான்.

1604-ல் ராபர்ட் காட்ரி என்பவர் சுமார் 2,500 கடினச் சொற்களுக்கு எளிய ஆங்கிலத்தில் பொருள் எழுதி ஓர் அகராதி வெளியிட்டார். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி என்று அதனைக் கருதுகிறார்கள். லத்தீன் கற்க வாய்ப்பில்லாத பெண்மணிகளுக்கும் மற்றவர்களுக்கும் உதவுவதற்காகவே அதை எழுதியதாக அவர் முகப்பிலேயே அறிவித்தார். ஆக, தாய்மொழியைப் படிப்பதற்கே அவர்களுக்குக் கோனார் நோட்ஸ் தேவைப்பட்டிருக்கிறது. காட்ரியும் பள்ளி உபாத்தியாயராக இருந்தவர் என்பதில் எனக்கு உள்ளூரச் சிறிது பெருமை.

பையன் கேட்டதற்கு வருவோம். 'எக்ஸ்ப்ளெயின்' என்பதும் லத்தீன் சரக்குத்தான்; ஆனால் வேறு கடையிலிருந்து வந்தது. 'பிளானுஸ்' என்றால் சமதளம். மேடு பள்ளத்தை நிரவிச் சமமாக்குவதே 'எக்ஸ்பிளானாரே'. ஆங்கிலத்தில் 'பிளெயின்' என்ற சொல்லைப் பார்த்து அதன் எழுத்து மாறிற்று. 'எக்ஸ்பிளனேஷன்' மட்டும் பழைய உருவிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெயர்ச்சொல்லில் மாணவர்கள் ஓர் 'ஐ'யைச் செருகி, ஆண்டுதோறும் என் சிவப்பு மையைத் தீர்ப்பதற்கு இதுவே காரணம்.

ஒன்று பாதையைச் செப்பனிடுகிறது. மற்றொன்று விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறது. புரியாத கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டுவது முதல் வகை. செறிவான ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதனுள் மறைந்திருக்கும் கருத்தை உதாரணங்களால் துலங்கச் செய்வது இரண்டாவது. வழக்கில் இவ்வேற்றுமை பெரும்பாலும் மங்கிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பையனிடம் நான் சொன்னது முழுப் பொய்யன்று, முக்கால் உண்மை.

நம் 'விளக்கு' இந்த இரண்டிலும் வளமான சொல் என்பது என் அபிப்பிராயம். மாடத்தில் எரிவதும் விளக்கு. பொருளை விளக்குவதும் அதுவே. போதாததற்குப் பாத்திரத்தையும் பல்லையும்கூட விளக்குகிறோம். ஒளியேற்றுவதோடு அழுக்கைத் தேய்த்துப் போக்கும் வேலையும் அதற்குள் அடங்கியிருக்கிறது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது வேலையின் சிரமம் தெரியும்.

அடுத்த பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஐந்தாவது கேள்வியின் கடைசியில், பழக்க தோஷத்தால், 'எலுசிடேட்' என்று எழுதிவிட்டேன். சற்று யோசித்து, அடிக்காமல், அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இரண்டு உதாரணங்களுடன் ஒரு பக்கம் எழுதுக.'